தவிட்டுக்கும் கணக்குக் கேட்ட ஆடிட்டர்

எந்த டிபார்ட்மென்ட்டில் படித்தாலும் சுற்றுச்சூழல் அறிவியல் பேப்பரில் இருந்து தப்பிக்க முடியாது. அதில் அடிக்கடி வரும் ரெண்டு மார்க் கேள்வி, நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்பது. 1987-ல் வந்த புருண்ட்லாண்ட் அறிக்கை, வருங்காலத் தலைமுறை, இன்றைய தேவை என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த அறிக்கைக்கு 42 வருஷம் முன்னாடியே, 1945-ல், இதே விஷயத்துக்காக ஒரு முழுப் புத்தகம் வந்துவிட்டது. அது எழுதப்பட்ட இடம் ஜபல்பூர் சிறை. எழுதியவர் நம்ம தஞ்சாவூர்க்காரர். விஞ்ஞானியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை; லண்டனில் தொழில் கற்ற ஒரு ஆடிட்டர். பெயர் ஜே.சி.குமரப்பா.

காந்தியப் பொருளாதாரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கதர், ராட்டை, பழைய காலம் என்று நினைத்து ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போகத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்க. இவர் வாழ்க்கைக்குள்ளே நம்ம தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு இருக்கு, ஃபுட் டெக்னாலஜி லேப் இருக்கு, நல்ல சம்பளத்தில் பிளேஸ்மென்ட் கிடைத்த ஒருத்தர் அதை என்ன பண்ணினார் என்ற கதையும் இருக்கு.

கோட்டு சூட்டு கார்னீலியஸ்

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அரசாங்கப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒழுங்கும் படிப்பும் கட்டாயம். சகோதரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களில் பாரதன் பின்னாளில் இவரோடு சேர்ந்தே கிராமத் தொழில் வேலை பார்த்தார். ஜே.எம்.குமரப்பா பம்பாயில் இருந்த டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார்.

இளைஞர் கார்னீலியஸ் லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். முதல் உலகப் போர்க் காலம் முழுக்க அங்கேதான். தகுதி பெற்று, அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் 1919-ல் இந்தியா திரும்பினார். பம்பாயில் சொந்தமாக ஒரு ஆடிட் நிறுவனம் நடத்தினார். உடை, உணவு, பழக்கம் எல்லாம் ஐரோப்பிய பாணி. நம்ம பாஷையில் சொன்னால் லைஃப் செட்டில் ஆகிவிட்டது.

அந்த நிலையில் 1927-ல் அமெரிக்கா போகிறார். முதலில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம். அப்புறம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே அவருடைய பேராசிரியர் செலிக்மன், வரி விதிப்பு பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றவர்.

ஒருநாள் கார்னீலியஸ் அங்கே ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்த செலிக்மன், உன் ஆய்வுத் தலைப்பை இதற்கே மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். ஆய்வுக்காக இந்திய அரசாங்கத்தின் வரவு செலவுகளை ஆடிட்டர் கண்ணோடு பார்க்க ஆரம்பித்ததும்தான் விஷயம் பிடிபட்டது. மக்களிடம் வசூலிக்கும் வரி மக்களுக்கே திரும்பிப் போகவில்லை. ராணுவம், அதிகாரிகள் சம்பளம், கடன் வட்டி என்று பெரும்பகுதி கரைகிறது. ஒரு கம்பெனி இப்படிக் கணக்கு வைத்திருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு நாடு இப்படி நடக்கிறதே என்பதுதான் அவரை உலுக்கியது.

மரத்தடியில் ஒரு வைவா

1929-ல் ஆய்வேட்டோடு ஊர் திரும்பினார். அதை அச்சில் கொண்டுவர ஆசை. காந்தியைப் பாருங்கள் என்று யாரோ சொல்ல, மே மாதம் 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சந்திப்பு நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் ஆசிரமத்தைச் சுற்றி வந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. மேல்நாட்டு உடுப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தும் அதில் உட்காரவில்லை.

காந்தி ஆய்வேட்டைத் தன் யங் இந்தியா பத்திரிகையில் தொடராகப் போடச் சம்மதித்தார். ஆனால் கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் மாத்தர் என்று ஒரு தாலுகா. அங்குள்ள கிராமங்களின் பொருளாதார நிலையை வீடு வீடாகப் போய் ஆராய வேண்டும். இவருக்குக் குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. அதற்கென்ன, குஜராத் வித்யாபீட மாணவர்கள் கூட வருவார்கள் என்றார் காந்தி.

இந்த இடத்தைக் கவனியுங்க. கொலம்பியாவில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியதை, இப்போது வயல்வெளியில் சரிபார்க்க வேண்டிய நிலை. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். எவ்வளவு நிலம், எவ்வளவு மாடு, எவ்வளவு கடன், என்ன சாப்பிடுகிறார்கள், நிலவரி கட்டிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினார்கள். களத்தில் இறங்கித் தகவல் சேகரித்தவர்கள் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள்தான். அந்த ஆய்வு 1931-ல் புத்தகமாக வந்தது. கூகுள் ஃபார்ம் அனுப்பி நாற்பது பேர் பதில் போட்டால் அதையே ஃபீல்டு சர்வே என்று ரிப்போர்ட்டில் எழுதும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

இந்தக் காலத்தில்தான் கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை எடுத்துக்கொண்டார். சூட்டு போனது, கதர் வந்தது. வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் நடுவில் வேலை செய்ய வசதியாக ஒரு உடுப்பைத் தானே வடிவமைத்து, அதற்கு தோத்திஜாமா என்று பெயரும் வைத்தார். துணி குறைவு, சைக்கிள் ஓட்டலாம், சம்மணம் போட்டும் உட்காரலாம். டிசைன் திங்கிங் என்று நாம் இப்போது வகுப்பெடுப்பது இதைத்தானே?

பம்பாய் வருமானத்தை விட்டார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காந்தி சிறையில் இருந்தபோது யங் இந்தியாவில் எழுதி, ஆசிரியர் பொறுப்பையும் பார்த்து, தானும் சிறைக்குப் போனார்.

அவருடைய கணக்குப் பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம் போதும். 1934 ஜனவரியில் பீகாரில் பயங்கர நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் அன்றாடச் சாப்பாட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு சிறிய தொகையை வரம்பாக வைத்தார். காந்தியும் அவர் குழுவும் அங்கே வந்தபோது அவர்களுடைய உணவுச் செலவு அந்த வரம்புக்குள் அடங்காது. நிவாரண நிதியில் இருந்து அதைத் தர முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காந்தி இதைக் கேட்டுக் கோபப்படவில்லை, ஏற்றுக்கொண்டார். பாதிக்கப்பட்டவனுக்கு வந்த காசு பாதிக்கப்பட்டவனுக்கு மட்டும்தான். இதுதான் குமரப்பா.

மகன்வாடி: ஒரு ஃபுட் டெக் லேப்

1934 கடைசியில் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பு செயலாளர் குமரப்பா கையில். இடம் வார்தாவில் உள்ள மகன்வாடி. காந்தியின் உறவினரும் ஆசிரமத்தின் தூணாக இருந்தவருமான மகன்லால் காந்தியின் நினைவாக வந்த பெயர் அது.

அங்கே என்னென்ன நடந்தது தெரியுமா? நெல் உமி நீக்குவது, எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், பனைவெல்லம், சோப்பு, எரு தயாரிப்பு. இருக்கிற கருவியை வைத்து ஆராய்ச்சி, அதை மேம்படுத்துவது, கிராம ஆட்களுக்குப் பயிற்சி. மாடு இழுக்கும் பழைய செக்கை அதிக எண்ணெய் வரும்படி மாற்றி வார்தா செக்கு என்று கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு வந்தது. புகையை வெளியே தள்ளும் மகன் அடுப்பு வந்தது. சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு புராடக்ட் டெவலப்மென்ட் சென்டர். கஸ்டமர் மட்டும் நாட்டிலேயே கையில் காசு குறைவாக உள்ளவன்.

இதில் நம்ம ஃபுட் டெக் நண்பர்கள் கவனிக்க வேண்டியது அரிசி விஷயம். 1890-களில் ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் ஒன்றைக் கண்டார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. பெரிபெரி நோயாளிகளைப் பார்ப்பது போலவே இருந்தது. தவிடு போகாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த அந்தப் பொருள் வைட்டமின் பி1 என்று பிறகு தெரிந்தது. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அப்படியென்றால் ஏன் மில்காரர்கள் தவிட்டை நீக்குகிறார்கள்? வெள்ளையாக இருந்தால் விலை போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுத்தமான டெக்னாலஜி. தவிட்டில் கொழுப்பு இருக்கு. அதை உடைக்கும் நொதியும் அங்கேயே இருக்கு. உமி நீங்கியதும் ரெண்டும் கலந்து, கொஞ்ச நாளில் அரிசி சிக்கு வாடை அடிக்கும். தவிட்டை முழுசாக எடுத்துவிட்டால் அரிசி மாதக்கணக்கில் கெடாது. மூட்டை கட்டித் தூர ஊருக்கு அனுப்பலாம், கிடங்கில் வைக்கலாம். ஆக வெள்ளை அரிசி என்பது சாப்பிடுகிறவனுக்காக வடிவமைக்கப்பட்டதைவிட, கிடங்குக்காகவும் லாரிக்காகவும் வடிவமைக்கப்பட்டது என்று சொல்லலாம்.

குமரப்பா கேட்டதும் இதைத்தான். நெல் விளைந்த ஊரிலேயே, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது குத்திக்கொண்டால் ஆறு மாத ஷெல்ஃப் லைஃப் எதற்கு? உமியை மட்டும் நீக்கும் திரிகைகளைச் சங்கம் பரப்பியது. மில்லால் என்ன லாபம் என்று எல்லாரும் கணக்குப் போட்டபோது, அவர் மறுபக்கத்தை எழுதினார். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி, 8 முதல் 10 கிலோ தவிடு. ஊரில் குத்தினால் உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்கு, மாட்டுச் சாணி வயலுக்கு, குத்துகிற கூலி அதே ஊர்ப் பெண்களுக்கு. நெல்லாக வண்டி ஏறி டவுன் மில்லுக்குப் போனால் இது நாலும் ஊரை விட்டுப் போகிறது. திரும்பி வருவது சத்து குறைந்த அரிசியும், அதற்குக் கொடுக்க வேண்டிய காசும்.

எண்ணெயும் அப்படியே. ஊர்ச் செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கு ஊரிலேயே நிற்கும், மாட்டுக்கும் மண்ணுக்கும் போகும். வித்தாகவே ஏற்றுமதி பண்ணினால் மண்ணின் சத்தைக் கப்பல் ஏற்றுகிறோம். சர்க்கரைக்கும் இதே கேள்விதான். கரும்புக்கு நல்ல நஞ்சை நிலமும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். பனையும் ஈச்சமரமும் புறம்போக்கில் தானாக நிற்பவை. அதில் இருந்து வெல்லம் எடுத்தால் நல்ல நிலம் நெல்லுக்கும் பருப்புக்கும் மிஞ்சும். கள் இறக்கும் தொழிலாளிக்கு, கள்ளுக்குப் பதில் பதநீர் இறக்கும் பிழைப்பும் கிடைக்கும். தென் மாவட்டத்து நண்பர்கள் வீட்டில் இருந்து கொண்டுவரும் கருப்பட்டிக்குப் பின்னால் இவ்வளவு பொருளாதாரம் இருக்கு.

இங்கே நம்ம ஊர் அறிவையும் சொல்லியாகணும். நெல்லை வேகவைத்துக் காயவைத்துப் பிறகு குத்தும் புழுங்கல் முறையில், தவிட்டில் இருக்கும் பி வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடும். அப்புறம் மில்லில் தீட்டினாலும் அது ஓரளவு மிஞ்சும். யாரோ பெயர் தெரியாத பாட்டி செய்த புராசஸ் இன்ஜினியரிங் அது.

இன்றைக்கு என்ன நடக்கிறது? அரிசியை நன்றாகத் தீட்டுகிறோம். அப்புறம் சமீப வருஷங்களில் ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசியைக் கலந்தோம். ரத்தசோகையைக் குறைக்க அரசாங்கம் எடுத்த முயற்சி, நோக்கம் நல்லதுதான். ஆனால் எடுத்துவிட்டு, பிறகு ஒரு ஃபேக்டரி வைத்துச் சேர்ப்பது என்ற வரிசையைக் குமரப்பா பார்த்திருந்தால், எடுத்த பக்கத்தையும் கணக்கில் எழுதச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

சிறையில் பிறந்த புத்தகம்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மறுபடி சிறை. ஜபல்பூரில் இருந்த காலத்தில் ரெண்டு புத்தகம் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்க்கை நெறி பற்றியது. இன்னொன்றுதான் முதலில் சொன்னது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் நிலைத்திருக்கும் பொருளாதாரம். அதற்கு காந்தி முன்னுரை எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் அவர் இயற்கையைப் பார்த்து ஐந்து வகைப் பொருளாதாரம் சொல்கிறார். முதலாவது ஒட்டுண்ணி. தான் வாழ, இடம் கொடுத்த மரத்தையே அழிப்பது. ரெண்டாவது பறிப்பவன். மாந்தோப்புக் குரங்கு மாதிரி. நடவும் இல்லை, தண்ணீர் விடவும் இல்லை, பழம் மட்டும் வேண்டும். மூன்றாவது உழைப்பவன். தன் கூட்டைத் தானே கட்டும் பறவை. நாலாவது கூட்டாக வாழ்பவன். தேனீ தனக்காக மட்டும் தேன் சேர்ப்பதில்லை, கூட்டுக்காகச் சேர்க்கிறது. ஐந்தாவது, உச்சத்தில், தாய். குஞ்சிடம் எதையும் எதிர்பார்க்காமல் ஊட்டும் தாய்ப் பறவை. மனிதன் எந்தப் படியில் நிற்பது என்பது அவன் தேர்வு. ஒட்டுண்ணியால் இயற்கையின் சுழற்சி அறுகிறது, தாயால் அது தொடர்கிறது.

இன்னொரு பிரிவினையும் அவருடையது, நம்ம எனர்ஜி சிலபஸில் அப்படியே வைக்கலாம். ஒன்று தேக்கப் பொருளாதாரம். நிலக்கரி, பெட்ரோல், உலோகத் தாது எல்லாம் அளவான இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். இன்னொன்று ஓட்டப் பொருளாதாரம். வெயில், மழை, ஆறு, காடு தரும் விளைச்சல். வருஷா வருஷம் வருவது. வங்கிக் கணக்கு வைத்திருக்கிற யாருக்கும் இது புரியும். வட்டியைச் செலவு பண்ணலாம், முதலைச் செலவு பண்ணிவிட்டு வருமானம் என்று எழுதக் கூடாது. இருப்பு குறையும்போது சண்டை வரும் என்றும் அவர் எச்சரித்தார். எண்ணெய்க்காக நடந்த போர்களைப் பிறகு வந்த உலகம் பார்த்தது.

இதில் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே அவருக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர் கேட்டது ஆடிட்டர் கேள்வி. தெர்மோடைனமிக்ஸில் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சிஸ்டத்தைச் சுற்றி ஒரு கோடு போடுகிறோம். அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எஃபிஷியன்சி. மில்லின் காம்பவுண்டு சுவரோடு கோட்டை நிறுத்தினால் மில் பிரமாதம். வயல், மாடு, குத்துகிற பெண், சாப்பிடுகிற குழந்தை வரைக்கும் கோட்டைத் தள்ளிப் போட்டால் விடை மாறுகிறது. குமரப்பா வாழ்நாள் முழுக்கச் செய்தது கோட்டைத் தள்ளிப் போட்டதுதான்.

தோற்றுப்போனாரா?

நேர்மையாகச் சொல்லணும் என்றால், அவர் வாழ்ந்த காலத்தில் அவர் சொன்னதைப் பெரும்பாலும் நாடு கேட்கவில்லை. 1938-ல் நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தபோது குமரப்பாவும் உறுப்பினர். பெரிய தொழிற்சாலையே வழி என்று அது போன திசை பிடிக்காமல் சீக்கிரமே விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். உழுகிறவனுக்கு நிலம் என்ற அதன் பரிந்துரைகள் பெரும்பகுதி ஏட்டிலேயே நின்றன. அணை, உருக்காலை, ரசாயன உரம் என்று நாடு வேறு பாதையில் போனது.

அந்தப் பாதைக்கும் நியாயம் இருந்தது. பஞ்சத்தைப் பார்த்த நாடு, மளமளவென்று பெருகும் மக்கள் தொகை. விளைச்சல் உயராமல் எத்தனை பேருக்குச் சோறு போட முடியும்? உலக்கை பிடித்து நெல் குத்துவது லேசான வேலையும் இல்லை. மில் வந்தபோது நம்ம பாட்டிகளில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர்களுக்குப் போன கூலி ஒரு பக்கம், போன தோள்வலி இன்னொரு பக்கம். அதேபோல கிராமம் என்றால் அன்பான கூட்டுக்குடும்பம் என்று நினைத்துவிட முடியாது. கிராமம் சாதிக் கொடுமையின் கோட்டை என்று அம்பேத்கர் பார்த்ததை ஒதுக்கிவிட்டுக் கிராமப் பொருளாதாரம் பேசக் கூடாது. ஊரிலேயே நிற்கும் தவிடும் பிண்ணாக்கும் ஊருக்குள் யார் வீட்டில் நிற்கும் என்பதும் கணக்கில் வர வேண்டிய கேள்விதான்.

ஆனால் அவர் இயந்திர விரோதி என்று சொல்வது தப்பு. ரயில், மின்சாரம் போன்றவை பெரிய அளவில், பொதுச் சொத்தாகத்தான் நடக்க முடியும் என்று ஒப்புக்கொண்டவர். அவர் கேட்டது, எந்த வேலைக்கு எந்த அளவு என்பதைத்தான். ஊசி போதுமான இடத்தில் கடப்பாரை எதற்கு?

1973-ல் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர், சிறியதே அழகு என்ற பொருள்படும் பெயரில் ஒரு புத்தகம் போட்டார். உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் இயக்கத்தினர் கையில் அது இருந்தது. அதில் அவர் குமரப்பாவை எடுத்துக் காட்டுகிறார். நம்ம ஊர்க்காரர் பெயரை நாம் வெளிநாட்டுப் புத்தகம் வழியாகத் தெரிந்துகொள்வது புதுசா என்ன!

கல்லுப்பட்டிக் குடிசை

கடைசி வருஷங்களில் ரத்த அழுத்தம் படுத்தியது. மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். லண்டன், பம்பாய், நியூயார்க் பார்த்த ஆடிட்டருக்கு ஒரு சின்னக் குடில் போதுமானதாக இருந்தது. அங்கே இருந்தபடி எழுதினார், வருகிறவர்களோடு விவாதித்தார். டிராக்டர் உழும், ஆனால் சாணி போடுமா என்பது அவர் விடாமல் கேட்ட கேள்விகளில் ஒன்று. கேட்டதும் சிரிப்பு வரும். யூரியா விலையையும் மண்ணின் அங்ககக் கார்பன் குறைவதையும் படித்த பிறகு அவ்வளவு சிரிப்பு வராது.

1960 ஜனவரி 30-ம் தேதி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. நாளைக்கே உரல் வாங்கி ஹாஸ்டலில் நெல் குத்தச் சொல்லவும் இல்லை. இன்றைக்கு மரச்செக்கு எண்ணெயும் கைக்குத்தல் அரிசியும் சூப்பர் மார்க்கெட்டில் சாதா ரகத்தைவிடக் கூடுதல் விலைக்கு, அழகான பாக்கெட்டில் விற்கிறது. கிராமத்துக்காரன் கையில் காசு நிற்பதற்காக அவர் சொன்ன பொருள், காசு உள்ளவன் மட்டும் வாங்கும் பொருளாக மாறியிருக்கு. இதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். பொருள் திரும்பி வந்திருக்கு, கணக்கு திரும்பி வரவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கைத்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணும்போது எஃபிஷியன்சி, காஸ்ட், அவுட்புட் என்று டேபிள் போடுவோம். அந்த டேபிளில் இன்னும் மூணு வரி சேர்த்துப் பார்க்கலாம். இந்தப் பொருளுக்காக எடுத்தது ஓட்டத்தில் இருந்தா, இருப்பில் இருந்தா? எடுத்த இடத்துக்கு என்ன திரும்பிப் போகிறது? இது வருவதால் யார் கையில் இருந்த வேலையோ சத்தோ காசோ போகிறது?

மெஸ்ஸில் தினமும் வாளி வாளியாகக் கொட்டும் சோற்றில் இருந்தே ஆரம்பிக்கலாம். அதை பயோகேஸ் ஆக்கலாம் என்று போஸ்டர் போடும் முன்னால், அது ஏன் தட்டில் மிஞ்சுகிறது, எந்த வயலில் இருந்து எவ்வளவு தண்ணீரோடு வந்தது, கழுநீரும் தவிடும் எங்கே போகிறது என்று ஒரு வாரம் எடை போட்டு எழுதிப் பாருங்க. மாத்தர் தாலுகாவில் மாணவர்கள் செய்த வேலையை நம்ம கேம்பஸில் செய்தால் எப்படி இருக்கும்? நாலு பேர், ஒரு தராசு, ஒரு நோட்டு போதும். அடுத்த இதழில் அந்தக் கணக்கை யாராவது எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.